தைத்தது யார்?

கேள்வி: தையற்காரரான என் அப்பாவுக்கு மறதி நோய். என் பெயர்கூட நினைவில்லை. ஆனால் பழைய வேட்டியைக் கையில் கொடுத்தால் ஓரத்தை நகத்தால் நீவி, மடிப்புப் பிடித்து, ஊசிக்குக் கையை நீட்டுகிறார். அவருடைய நினைவுகளை முன்பே சேமித்து வைத்த ஓர் இயந்திரம் என்னைப் பெயர் சொல்லி அழைப்பதாக அறிவியல் சிறுகதை எழுதுகிறேன். இரண்டில் யார் அப்பா என்று தெரியாமல் கதை பாதியில் நிற்கிறது. இயந்திரத்தை ‘நான்’ என்று பேசவைக்கலாமா?

பதில்: அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் கேள்வியை வேதாளம் விக்கிரமாதித்தனிடம் முன்பே கேட்டுவிட்டது. ஒருத்தியின் கணவனின் தலையும் அவள் உடன்பிறந்தவனின் தலையும் உடல் மாறிப் பொருந்திவிட, அவளுக்குக் கணவன் யார் என்றது. தலைக்கு உரியவனே என்றான் அரசன். இங்கிலாந்துத் தத்துவவாதி ஜான் லாக் 1694இல் தலையையும் விட்டுவிட்டு நினைவைப் பிடித்துக்கொண்டார். இளவரசனின் உணர்வு, அவனது கடந்தகால நினைவோடு, செருப்புத் தைப்பவனின் உடலில் புகுந்தால் அவன் இளவரசனே என்பது அவர் வாதம். அந்தக் கணக்குப்படி பார்த்தால் உங்கள் இயந்திரம்தான் அப்பா. வீட்டில் உட்கார்ந்திருப்பவர் வேறு யாரோ. இதை மனம் ஏற்காததால்தான் பேனா நின்றிருக்கிறது என்று நினைக்கிறேன். ஏற்காதது நியாயமே.

அமெரிக்காவின் ஹென்றி மொலேசனுக்கு வலிப்பு நோயைத் தணிப்பதற்காக 1953இல், 27 வயதில், மூளையின் இருபுறமும், நினைவைப் பதியவைக்கும் ஹிப்போகேம்பஸ் என்னும் உறுப்பில் கணிசமான பகுதியை அகற்றினார்கள். அதன்பின் புதிய நிகழ்ச்சி எதுவும் அவர் நினைவில் தங்கவில்லை. உளவியலாளர் பிரெண்டா மில்னர் அவரைக் கண்ணாடியில் மட்டும் பார்த்து நட்சத்திரம் ஒன்றை வரையச் சொன்னார். முன்பு வரைந்த நினைவே இல்லாதபோதும், நாளுக்கு நாள் கோடு திருந்திக்கொண்டே வந்தது. நடந்ததை நினைவில் வைப்பது ஒன்று, கை பழகுவது வேறொன்று என்பதை அந்தக் கோடுகள் காட்டின. நீங்கள் போகிறபோக்கில் எழுதிய வேட்டிதான், என் பார்வையில், உங்கள் கதையின் மையம். இயந்திரத்திடம் பெயர் இருக்கிறது, மடிப்பு இல்லை. (மறதி நோய் மொலேசனுக்கு நேர்ந்ததைப் போன்றதன்று, நாளடைவில் அது கையையும் தொடக்கூடும். கதையில் அதை மறைக்காதீர்கள்.)

இயந்திரத்தை ‘நான்’ என்று பேசவிட்டால், முதல் வரியிலேயே தீர்ப்பு எழுதியாகிவிடும். ‘நான்’ என்பதை நீக்கினாலும் தமிழில் தப்ப முடியாது. ‘தைத்தேன்’ என்னும் வினையின் விகுதியிலேயே ஆள் உட்கார்ந்திருக்கிறார். ஆகவே அது உங்களைப் பெயர் சொல்லி அழைக்கட்டும், பிறகு பெயர்ச்சொற்களாகவே பேசட்டும்: “முதல் தையல். தீபாவளிக்கு முந்தின இரவு. உன் அத்தையின் பாவாடை.” ‘தைத்தேன்’ என்ற சொல்லை யார் வாயில் வைப்பது என்பதை, வேட்டிக் காட்சியை எழுதி முடித்த பிறகு முடிவு செய்யுங்கள்.