மழை நோட்டும் பைதானும்

கேள்வி: பணி ஓய்வு பெற்று நான்கு ஆண்டுகள் ஆகின்றன. 1983இல் கல்லூரியில் துளை அட்டைகளில் ஃபோர்ட்ரான் என்ற நிரல்மொழியை எழுதியதோடு என் கணினிப் படிப்பு நின்றுவிட்டது. மஞ்சக்குப்பத்தில் வீடு கட்டிய 1996 முதல் மொட்டைமாடியில் மழைமானி வைத்து, தினமும் காலையில் மழையளவை நோட்டில் குறித்து வருகிறேன். அவற்றைக் கணினியில் ஏற்றி ஆராய, இந்த வயதில் எந்த நிரல்மொழியைக் கற்கலாம்? எக்செல் போதுமே என்கிறார் மகன்.
- வாசகர், கடலூர்

பதில்: வயதைப் பற்றிய கேள்வியை விட்டுவிடுகிறேன், இத்தனை ஆண்டுகளாகக் காலையில் மாடியேறி அளவு குறிப்பவருக்கு அது தேவையில்லை. மாதவாரியாகக் கூட்டிப் பார்ப்பது மட்டுமே நோக்கம் என்றால் உங்கள் மகன் சொல்வது சரி. ஆனால், இடைவிடாமல் மழை பெய்த நாள்கள் எந்த ஆண்டில் அதிகம், அக்டோபர் பொய்த்த ஆண்டுகளில் டிசம்பர் ஈடுகட்டியதா என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கேள்விகள் எழுமானால் பைதான் கற்றுக்கொள்ளுங்கள். 1991இல் வெளிவந்த அம்மொழி இலவசம். விண்டோஸ் கணினியில் நிறுவும்போது, எழுதிப் பார்ப்பதற்கான ஐடில் என்ற செயலியும் கூடவே வந்துவிடும். பழைய புத்தகக் கடையில் பைதான் 2 நூல் மலிவாகக் கிடைத்தால் வாங்கிவிடாதீர்கள். 2020 தொடக்கத்தோடு அதற்கான ஆதரவு முடிந்துவிட்டது.

அட்டையின் 7ஆம் நெடுவரிசையில் கட்டளையைத் தொடங்கிப் பழகிய உங்களுக்கு, வரியின் முன்னால் விடும் இடைவெளிக்கும் பொருள் உண்டு என்ற பைதானின் விதி புதிதாகத் தோன்றாது. இடறும் இடம் வேறு. ஃபோர்ட்ரானில் நாம் 1இலிருந்து எண்ணினோம். பைதான் 0இலிருந்து எண்ணும். பன்னிரண்டு மாத மழையைப் பட்டியலில் வைத்து, அக்டோபர்தானே என்று 10ஆம் இடத்தைக் கேட்டால் நவம்பர் மழை வரும். நம் பக்கம் இரண்டும் மழை மாதங்கள் என்பதால் பிழை கண்ணில் படவும் படாது.

இதைவிட முக்கியமானது நோட்டில் நீங்கள் எதுவும் எழுதாமல் விட்ட நாள்கள். தானே புயல் கரையைக் கடந்த 2011 டிசம்பர் 30 அன்று உங்கள் மழைமானி மாடியில் நின்றதா? இல்லையென்றால் அன்றைய கட்டம் வெறுமையாகத்தான் இருக்கும். ஃபோர்ட்ரானில், எண்ணுக்கு ஒதுக்கிய இடம் முழுவதும் வெற்றாக இருந்தால் 0 என்றே படிக்கப்படும். அந்தப் பழக்கத்தில் நீங்களும் 0 என்று தட்டிவிட்டால், கடலூரே சாய்ந்து கிடந்த நாளை மழையில்லாத நாள் என்று நிரல் கூசாமல் சொல்லும். பைதானோ, வெற்றிடத்தை எண்ணாக மாற்றச் சொன்னால் பிழைச் செய்தி காட்டி நின்றுவிடும். அதைத் தொல்லையாக நினைத்து 0 நிரப்பாதீர்கள். 'எதுவும் இல்லை' என்பதற்கென்றே அம்மொழியில் தனி மதிப்பு ஒன்று உண்டு. ஊருக்குப் போயிருந்த நாள்களுக்கும் அதையே இடுங்கள்.

மதிப்பைச் சேமித்து வைக்கும் மாறிக்கு 'மழை' என்று தமிழிலேயே பெயர் வைக்கலாம், பைதான் 3 ஏற்றுக்கொள்ளும். அந்தச் சொல்லில் எத்தனை எழுத்து என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். ழகரத்தையும் ஐகாரக் குறியையும் தனித்தனியே எண்ணி 3 என்னும்.

முதலில் 2015ஆம் ஆண்டை மட்டும் ஏற்றுங்கள். அந்த நவம்பர் வெள்ளம் நினைவிருக்கும் என்பதால் தவறான எண் உடனே உறுத்தும். நிரல் தரும் தொகை, பேனாவால் கூட்டிய தொகையோடு ஒத்துப்போன பிறகு 1996க்குச் செல்லலாம். ஒப்பிடும்போது 0.30000000000000004 என்பதுபோல வால் நீண்டிருந்தால் கலங்க வேண்டாம்; 0.1ஐ இரும எண்ணில் துல்லியமாக எழுத முடியாததால் வருவது அது.