குன்னூரோடு நிறுத்திக்கொள்ளுங்கள்

சென்னையிலிருந்து போய், மலை ரயில் பாதையை ஒட்டி மேட்டுப்பாளையம் டு ஊட்டி ஒரே நாளில் சைக்கிளில் ஏறலாமா, அதுவும் மே மாதத்தில் என்று கேட்டிருக்கிறீர்கள். முதல் தடவை என்றால் குன்னூர் போதும். தண்டவாளத்தில் போகக் கூடாது. பர்லியார் சாலைதான் வழி.

நீலகிரி எக்ஸ்பிரஸ் காலையிலேயே மேட்டுப்பாளையத்தில் இறக்கிவிடும். சைக்கிளைப் பார்சலில் போட சென்ட்ரலுக்குச் சீக்கிரமே போய்விடுங்கள். வெயில் ஏறுமுன் கல்லாறு தாண்டுவது முக்கியம். அங்கிருந்து ரயிலே பல்சக்கரத்தைக் கோத்துத்தான் ஏறுகிறது, அதிகபட்சச் சரிவு சுமார் 12-க்கு 1, அதாவது 12 மீட்டர் போனால் 1 மீட்டர் ஏற்றம். சாலையிலும் கொண்டை ஊசி வளைவுகள் வரும். வளைவுக்கு முன்பே கியரைக் குறைத்துவிடுங்கள், நடுவில் மாற்றினால் செயின் கழன்றுவிடலாம்.

அப்புறம், சீசனில் இந்தச் சாலையை ஒருவழியாக்கி, இறங்கும் வண்டிகளைக் கோத்தகிரி பக்கம் திருப்புவது வழக்கம். இறங்குமுன் குன்னூரில் போலீஸிடம் கேளுங்கள். இறக்கத்தில் பிரேக்கை விடாமல் பிடிக்காதீர்கள், ரிம் கொதித்துவிடும், விட்டுவிட்டுப் பிடியுங்கள்.