குட்டி இங்கிலாந்தில் குடியிருந்தது யார்?

கேள்வி: கோலார் தங்கவயலை ‘குட்டி இங்கிலாந்து’ என்பார் என் தாத்தா. கரண்ட், கிளப், ஆஸ்பத்திரி என்று சொர்க்கமாக இருந்த ஊரை, சங்கம் வைத்துக் கொடி பிடித்தே கெடுத்துவிட்டார்கள். சரிதானே?
– ஒரு வாசகர், திருப்பத்தூர்

பதில்: இல்லை. தாத்தா சொன்னது பாதி உண்மை. சங்கத்தைப் பற்றி நீங்கள் சேர்த்துக்கொண்டது முழுத் தவறு.

காவிரியின் சிவசமுத்திரம் நீர்மின் நிலையத்திலிருந்து 1902-லேயே அங்கே மின்சாரம் வந்தது. பெங்களூருக்கே அதற்குப் பிறகுதான். ஆனால் அந்தக் கம்பியை இழுத்தது சுரங்கங்களை நடத்திய ஆங்கிலேய ஜான் டெய்லர் கம்பெனியின் எந்திரங்களுக்காக. கிளப்பும் கோல்ஃப் மைதானமும் பங்களாக்காரர்களுக்கு. வட ஆற்காட்டிலிருந்தும் சித்தூரிலிருந்தும் பிழைக்கப் போன நம் ஜனங்கள், பெரும்பாலும் தலித் மக்கள், ‘லைன்’ எனப்பட்ட தொழிலாளர் வரிசை வீடுகளில் மூங்கில் தட்டி அடைத்து வாழ்ந்தார்கள். சங்கு ஊதினால் ஷிப்ட். சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் கீழே போனது. அந்த ஆழத்தில் பாறையின் சூடே 60 டிகிரியைத் தாண்டும். அழுத்தம் தாங்காமல் பாறை வெடித்துச் சிதறுவதை அங்கே ‘ஏர் பிளாஸ்ட்’ என்பார்கள். மேலே வீடுகள் அதிரும். அந்த நேரம் யார் யார் கீழே இருக்கிறார்கள் என்பதுதான் லைன் முழுக்கக் கேள்வி.

வெடிக்குத் தப்பியவர்களைத் தூசி பிடித்தது. 1940-களில் 7,653 தொழிலாளர்களைச் சோதித்தார்கள், 43.7 விழுக்காட்டினருக்கு சிலிகோசிஸ், அதாவது பாறைத் தூசியால் வரும் நுரையீரல் நோய். நீங்கள் சொர்க்கம் என்கிற ஊரின் நுரையீரல் கணக்கு இது.

சங்கம் வேரூன்றும் முன்பே, 1930-ல், தொழிலாளர்களைக் குற்றவாளிகளைப் போலக் கைரேகை வைக்கச் சொன்னார்கள். சுரங்கங்கள் மூன்று வாரம் நின்றன. யாரும் தூண்டிவிட்டு வந்த கோபம் அல்ல அது. 1946 நவம்பர் 4-ல் துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். கொடி பிடித்தது இதற்கெல்லாம் பிறகும் மனிதராக நடத்தச் சொல்லித்தான்.

அந்த ஊரின் பெருமையைப் பேசுவதென்றால் லைன்களிலிருந்து பேசுங்கள். தங்கவயலின் மாரிக்குப்பத்தில் பௌத்த சங்கம் நடத்தியவர்கள் அந்த லைன் மக்கள். தலித் சிந்தனையாளர் அயோத்திதாசர் நடத்தி, சென்னையில் நின்றுபோன ‘தமிழன்’ இதழை 1926-ல் ஜி. அப்பாதுரையார் மீண்டும் நடத்தியது தங்கவயலில்தான். அவர் நூல்களை வெளியிட்ட சாம்பியன் ரீஃப்பின் சித்தார்த்தா புத்தகசாலை இல்லையென்றால் அயோத்திதாசரின் எழுத்தில் எவ்வளவு நம் கைக்கு வந்திருக்கும்? சுரங்கக் கூலியில் மிச்சம் பிடித்து அச்சுக்கூடம் வைத்த மக்களை எந்த இங்கிலாந்தோடும் ஒப்பிட வேண்டியதில்லை. எனக்கு அந்த ஊர்மேல் இருக்கும் மரியாதை முழுவதும் இதனால்தான்.

சுரங்கம் 2001 பிப்ரவரி 28-ல் மூடப்பட்டது. தொடக்க காலத்தில் ஒரு டன் பாறைக்கு 40 கிராமுக்கு மேல் தங்கம் தந்த இடம், கடைசியில் ஏறத்தாழ 3 கிராம்தான் தந்தது. அதையும் 3 கிலோமீட்டர் கீழேயிருந்து தூக்கிவர வேண்டும். இந்தச் செலவுக் கணக்கைச் சங்கத்தின் தலையில் கட்டாதீர்கள்.