6ஜியில் வேகத்தைக் கூட்டுவது ஏன் இவ்வளவு கடினம்?

உயர்ந்த அலைவரிசைக்குப் போனால் வேகம் தானாகக் கூடிவிடுமே, பிறகு 5ஜிக்கு அடுத்த தலைமுறை மொபைல் இணைப்பான 6ஜியில் ஆராய என்ன இருக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள்.

உயரே போனால் அகலமான அலைக்கற்றை கிடைப்பது உண்மைதான். ஆனால் 3 கிகாஹெர்ட்ஸிலிருந்து 300-க்குப் போனால் அலைநீளம் 10 சென்டிமீட்டரிலிருந்து 1 மில்லிமீட்டராகச் சுருங்குகிறது. இரு பக்கமும் அதே ஆதாயமுள்ள (அதாவது சிக்னலை ஒரு திசையில் அதே அளவு குவிக்கும்) ஆன்டெனாவை வைத்தால், அதே தூரத்தில் கிடைக்கும் சிக்னலின் திறன் பத்தாயிரத்தில் ஒரு பங்காகிவிடும். சரி, பொடிப்பொடி ஆன்டெனாக்களை நூற்றுக்கணக்கில் அடுக்கி, சிக்னலை ஒரே திசையில் மெல்லிய கற்றையாகக் குவிக்கலாம். சிக்கலே அங்கேதான் தொடங்குகிறது. போனோடு நடப்பவர் சற்றுத் திரும்பினாலே கற்றை தவறிவிடும். உள்ளங்கை மறைத்தாலே இணைப்பு அறுந்துபோகலாம். அவரை விடாமல் பின்தொடர, கோபுரம் அடிக்கடி பல திசைகளைச் சோதித்துப் பார்க்க வேண்டும். தரவு அனுப்ப வேண்டிய நேரத்தை அந்தச் சோதனை தின்றுவிடும். கற்றை எங்கே திரும்ப வேண்டும் என்று முன்கூட்டியே கணிப்பதுதான் என் பார்வையில் இதில் மிகச் சுவையான ஆராய்ச்சி.

அப்புறம் தாமதம், அதாவது கேட்டது வந்துசேர ஆகும் நேரம். கோபுரத்தை சர்வரோடு இணைக்கும் கண்ணாடி இழையில் ஒளி 1 மில்லிநொடியில் சுமார் 200 கிலோமீட்டர்தான் போகும். போய்த் திரும்ப மொத்தமே 1 மில்லிநொடிதான் என்றால், சர்வர் 100 கிலோமீட்டருக்குள் இருந்தாக வேண்டும். எவ்வளவு நல்ல மென்பொருள் எழுதினாலும் ஒளியின் இந்தப் பயண நேரத்தைக் குறைக்க முடியாது.