கல்லீரல் அறுவையும் வளர்ச்சிக் காரணி ஊசியும்

கேள்வி: என் அப்பாவுக்கு வயது 61. பெருங்குடலிலிருந்து பரவிய கட்டிக்காகக் கல்லீரலின் ஒரு பகுதியை அகற்றப் போகிறார்கள். அப்போது கல்லீரலுக்குப் போகும் ரத்தத்தை அவ்வப்போது நிறுத்துவார்களாம். செல்களை வளரத் தூண்டும் புரதங்களான வளர்ச்சிக் காரணிகள், அதனால் கல்லீரலுக்கு வரும் சேதத்தைத் தடுக்கும் என்று படித்தேன். அந்த ஊசியைப் போடச் சொல்லிக் கேட்கலாமா?

பதில்: வேண்டாம். இந்தத் தேவைக்கென்று நடைமுறைக்கு வந்த வளர்ச்சிக் காரணி மருந்து இன்றுவரை இல்லை. அப்படி ஒன்று இருந்திருந்தாலும் உங்கள் அப்பாவுக்கு அதைப் பரிந்துரைக்க நான் தயங்குவேன்.

கல்லீரலுக்கு வரும் ரத்தத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு குடலிலிருந்து போர்ட்டல் சிரை வழியாகவும், மீதி தமனி வழியாகவும் வருகிறது. இரண்டும் சேர்ந்து போகும் தண்டை அழுத்திப் பிடித்தால் காயமுற்ற கல்லீரலில் ரத்தப்போக்கு குறையும் என்பதை 1908-இல் பிரிங்கிள் என்ற அறுவை மருத்துவர் எழுதினார். இப்போது கல்லீரலை வெட்டும்போது அந்தத் தண்டைச் சுற்றி ஒரு நாடாவை இட்டு இறுக்குகிறார்கள். நாடா இறுகியதும் கல்லீரல் கருமை படரத் தொடங்கும். தளர்த்தியதும் மெல்லச் சிவக்கும். வேடிக்கை என்னவென்றால், காயத்தின் பெரும்பகுதி அந்தச் சிவக்கும் நேரத்தில்தான் நிகழ்கிறது: ஏடிபி என்னும் ஆற்றல் மூலக்கூறு தீர்ந்துபோன செல்களுக்குள் ஆக்சிஜன் திடீரெனப் பாயும்போது, செல்லின் ஆற்றல் நிலையங்களான மைட்டோகாண்ட்ரியாக்கள் தீவிர ஆக்சிஜன் மூலக்கூறுகளை உமிழ்கின்றன, கல்லீரலின் காவல் செல்களான குப்ஃபர் செல்கள் விழித்துக்கொண்டு அழற்சியைக் கிளப்புகின்றன, சில மணி நேரத்தில் நியூட்ரோஃபில்கள் என்னும் வெள்ளையணுக்கள் வந்து சேர்கின்றன.

நீங்கள் படித்தது பொய்யன்று. 1984-இல் ஜப்பானில் நகமுரா குழுவினர், கல்லீரலின் ஒரு பகுதி நீக்கப்பட்ட எலிகளின் ரத்தத்தில் கண்டறிந்த ஹெச்.ஜி.எஃப். என்னும் கல்லீரல் செல் வளர்ச்சிக் காரணியை முன்கூட்டியே செலுத்தினால், ரத்தத்தடைக்குப் பின் எலிகளின் கல்லீரல் செல்கள் குறைவாகவே மடிகின்றன. அது செல்லின் மேலிருந்து சமிக்ஞையை வாங்கும் மெட் என்னும் ஏற்பியைத் தட்டி, ‘சாகாதே’ என்னும் சமிக்ஞையை உள்ளே அனுப்புகிறது. ஆனால் பல புற்றுநோய்ச் செல்களும் அதே ஏற்பியைப் பயன்படுத்திப் பெருகுகின்றன, பரவுகின்றன. பெருங்குடல் கட்டிகள் பலவற்றில் அது மிகுதியாகவே காணப்படுகிறது. அதை அடைக்கும் மருந்துகளைப் புற்றுநோய்க்கென உருவாக்கிவரும் வேளையில், கட்டி உள்ளவருக்கு அதையே தூண்டிவிடுவது எப்படிச் சரியாகும்? தவிர, உடல் இந்தக் காரணியைச் செயலற்ற வடிவில் கல்லீரலிலேயே சேமித்து வைத்து, அறுவைக்குப் பின் தானாகவே அவிழ்த்துவிடுகிறது.

இதைவிட உங்கள் மருத்துவரிடம் கேட்க வேண்டியவை உண்டு. 15 நிமிடம் இறுக்கி 5 நிமிடம் தளர்த்தும் முறை கல்லீரலுக்கு நல்லது. அதைப் பின்பற்றுவாரா என்று கேளுங்கள். கொழுப்பு படிந்த கல்லீரல் ரத்தத்தடையை எளிதில் தாங்காது என்பதால் ஸ்கேனில் கொழுப்பு எவ்வளவு என்றும், கீமோதெரபி பெற்றிருந்தால் முடிந்து எத்தனை வாரம் விடப் போகிறார் என்றும் கேளுங்கள். கீமோதெரபி மருந்துகளில் ஒன்றான ஆக்சாலிபிளாட்டின் கல்லீரலின் நுண்குழாய்களையே புண்படுத்தக்கூடும்.

அறுவைக்கு மறுநாள், கல்லீரல் செல்கள் சேதமடைந்தால் ரத்தத்தில் கூடும் எஸ்ஜிபிடி என்னும் நொதி பல நூறுக்கு ஏறியிருப்பதைப் பார்த்துப் பல குடும்பங்கள் பதறுகின்றன. அது இறங்கிக்கொண்டே வந்தால் போதும். ஐந்தாம் நாளில் பிலிருபினும் (மஞ்சள் காமாலை நிறமி) ஐஎன்ஆரும் (ரத்தம் உறைய ஆகும் நேரத்தின் அளவு) எங்கே நிற்கின்றன என்பதையே நான் முதலில் பார்ப்பேன். பிலிருபின் டெசிலிட்டருக்கு 3 மில்லிகிராமைத் தாண்டியும் ஐஎன்ஆர் 1.7-ஐத் தாண்டியும் ஒருசேர இருந்தால் அன்றே மருத்துவரிடம் விளக்கம் கேளுங்கள்.