இடிமேகங்களுக்கு நடுவே வழி தேடலாமா?

கேள்வி: சிறு விமானம் ஓட்டப் பயின்று வருகிறேன். தரையிலுள்ள வானிலை ரேடார்களின் படம் இப்போது விமானத்தில் வைத்திருக்கும் டேப்லெட்டிலேயே தெரிகிறது. அதைப் பார்த்து, இரண்டு இடிமேகங்களுக்கு நடுவே உள்ள வழியில் புகுந்து செல்லலாமா?

பதில்: கூடாது. திரையில் தெரியும் அந்த வழி, நீங்கள் பார்க்கும் நேரத்தில் வானத்தில் அடைபட்டுப் போயிருக்கலாம். பல ரேடார்கள் வெவ்வேறு நேரங்களில் எடுத்த பதிவுகளை ஒன்றுசேர்த்துப் படமாக்கி அனுப்பச் சிறிது நேரம் பிடிக்கிறது. திரையோரம் காட்டப்படும் நிமிடக் கணக்கோ, படம் தொகுக்கப்பட்ட பிறகே தொடங்குகிறது. அந்தக் கணக்கைவிடப் படம் சில வேளைகளில் 15 முதல் 20 நிமிடம் வரை பழையதாக இருக்கக்கூடும் என்று, உயிரிழப்பு நேர்ந்த விபத்துகளைச் சுட்டிக்காட்டி, அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2012-இல் எச்சரித்தது. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் நகரும் மேகம் 20 நிமிடத்தில் 20 கிலோமீட்டர் கடந்துவிடும். அதற்குள் அதன் பக்கத்திலேயே புதிய மேகம் ஒன்று வளர்ந்து எழவும் கூடும்.

மேலும், அந்தப் படம் காட்டுவது பெரும்பாலும் மழையைத்தான். மழைக்கு வெகுதூரம் முன்னே ஓடிவரும் புயற்காற்றும், பட்டறைக்கல் போல விரிந்த மேக உச்சியிலிருந்து தெளிந்த வானத்தில் வந்து விழும் ஆலங்கட்டியும் அதில் தெரிவதில்லை. கடுமையான இடிமேகத்திலிருந்து குறைந்தது 20 கடல் மைல், அதாவது ஏறக்குறைய 37 கிலோமீட்டர், விலகியிருக்க வேண்டும் என்று விமானிகளுக்குக் கற்பிக்கப்படுவது இதனால்தான். இரண்டு மேகங்களுக்கு நடுவே செல்வதானால், இருபக்கமும் அவ்வளவு விலகியிருக்க, அவற்றின் இடைவெளி இந்தத் தூரத்தைப்போல் இருமடங்காவது இருக்க வேண்டும். மறுபக்கம் தெளிவாகத் தெரிகிறது என்பதற்காக மேகத்தின் அடியில் நுழைவதும் தவறே, ஏனெனில் கீழ்நோக்கி அறையும் காற்றை எதிர்த்து மேலேறும் திறன் சிறு விமானத்தின் எஞ்சினுக்கு இல்லை.

எனினும் டேப்லெட்டை ஒதுக்கிவிட வேண்டாம். நூறு கிலோமீட்டருக்கு அப்பாலேயே சுற்றுவழியைத் தேர்ந்தெடுக்கவும், எரிபொருள் தாராளமாக இருக்கும்போதே வேறு விமான நிலையத்தில் இறங்க முடிவெடுக்கவும் அது மிக நல்ல துணை.

இவ்வளவுக்கும் பிறகு மேகத்துக்குள் அகப்பட நேர்ந்தால், இறக்கைகளைச் சமமாக வைத்து, கடுங்குலுக்கலுக்கென விமானக் கையேடு சொல்லும் வேகத்துக்குக் குறைத்துக்கொள்ளுங்கள். விமானத்தின் எடை குறைவாக இருந்தால் அந்த வேகமும் குறைய வேண்டும். உயரம் கூடினாலும் குறைந்தாலும் அதைச் சரிசெய்யப் போராடாதீர்கள். ஆட்டோபைலட் உயரத்தைப் பிடித்துக்கொண்டிருந்தால் அந்த வசதியை நிறுத்துங்கள். திரும்பி வந்துவிடலாம் என்று தோன்றும். ஆனால் திரும்பும்போது இறக்கைகளின் மீது பாரம் கூடுகிறது. பெரும்பாலும் நேராகச் செல்வதே விரைவில் வெளியேறும் வழியும் ஆகும்.