தலைகீழ் எண்ணும் ஃபேக்ஸும்

கேள்வி: "1990-களில் மின்னஞ்சல் அனுப்பினால் போதும், கடல் கடந்து இன்னொருவர் மேஜையில் ஃபேக்ஸாக வந்து விழும், அதுவும் இலவசமாக" என்று என் பெரியப்பா அடிக்கடி சொல்கிறார். நம்பலாமா? அப்படியென்றால் தொலைபேசிக் கட்டணத்தை யார் கட்டினார்கள்?

பதில்: தாராளமாக நம்பலாம். நானே அனுப்பியிருக்கிறேன். ஒரு முறை அசடும் வழிந்திருக்கிறேன், அதைப் பிறகு சொல்கிறேன்.

கார்ல் மலாமுட், மார்ஷல் ரோஸ் என்ற இருவர் 1993-ல் தொடங்கிய சோதனை அது. டிபிசி.இன்ட் என்று பெயர். 'தி ஃபோன் கம்பெனி' என்பதன் சுருக்கம், குறும்பைப் பாருங்கள்! பல ஊர்களில் யாராவது ஒருவர் தன் கணினியில் ஃபேக்ஸ் மோடத்தை மாட்டி, "இந்த வட்டார எண்களுக்கு நான் பொறுப்பு" என்று முன்வருவார். அந்தக் கணினிதான் நிலையம். அது வரை உங்கள் கடிதம் வெறும் மின்னஞ்சல்தான். அங்கிருந்து ஓர் உள்ளூர் அழைப்பு, அவ்வளவே. அமெரிக்காவில் பல வீடுகளுக்கு உள்ளூர் அழைப்பு மாதக் கட்டணத்திலேயே அடங்கிவிடும். ஆகவே கட்டியவர் அந்த நிலையக்காரர். பதிலுக்கு ஃபேக்ஸின் முகப்புத் தாளில் தன் பெயரைப் போட்டுக்கொள்வார்.

ஆனால் எந்த எண் எந்த நிலையத்துக்கு என்று அஞ்சலுக்கு எப்படித் தெரியும்? எனக்கு இன்றும் பிடித்த பகுதி இதுதான். தொலைபேசி எண்ணில் பெரிய வட்டாரம் இடது பக்கம் இருக்கும்: முதலில் நாடு, அப்புறம் பகுதி, கடைசியில் வீடு. இணைய முகவரியிலோ பெரியது வலது பக்கம். இரண்டையும் பொருத்த எண்ணைத் தலைகீழாக்கினார்கள். 1 415 555 0123 என்ற எண்ணுக்கு அனுப்ப 3.2.1.0.5.5.5.5.1.4.1.டிபிசி.இன்ட் என்று தட்ட வேண்டும், ஒவ்வோர் இலக்கத்துக்கும் நடுவே புள்ளி வைத்து. "5.1.4.1-ல் முடிவதெல்லாம் எனக்கு" என்று இணைய முகவரிகளின் பெயர்ப் பதிவேட்டில் ஒரே வரி இருந்தால் 415 வட்டாரம் முழுதும் அந்த நிலையத்தின் கணக்கு. யாரும் பொறுப்பேற்காத வட்டாரம் என்றால் அஞ்சல் உடனே திரும்பி வந்துவிடும்.

இப்போது என் அசடு. பின்னாலிருந்து தட்டும்போது இரண்டு இலக்கங்கள் இடம் மாறிவிட்டன. சிறிது நேரத்தில் நிலையத்திலிருந்து "வெற்றிகரமாக அனுப்பப்பட்டது" என்று அறிவிப்பு வந்தது. நண்பருக்கோ ஒன்றும் போகவில்லை! என் மூன்று பக்கக் கடிதத்தை முன்பின் தெரியாத யாரோ படித்திருக்கிறார். அந்த 'வெற்றி'க்கு அர்த்தம் ஏதோ ஓர் இயந்திரம் தாளை வாங்கிக்கொண்டது என்பது மட்டும்தான். பிற்பாடு எண்ணை நேராகவே எழுதும் வசதி வந்தது. எனக்குத் தாமதமாக வந்தது.

அதோடு, நடுவில் நிற்கும் நிலையக்காரர் நினைத்தால் உங்கள் கடிதத்தைப் பிரித்துப் பார்க்கலாம். நல்லவர்களை நம்பி ஓடிய ஏற்பாடு அது.

இன்று கட்டணம் வாங்கும் இணைய ஃபேக்ஸ் சேவைகள் செய்வதும் ஏறக்குறைய இதே வேலைதான். 1998-ல் இணைய ஃபேக்ஸுக்கென்றே இரண்டு தரநிலைகள் வந்தன. டி.37 அஞ்சல் போலச் சேமித்து அனுப்பும், டி.38 இரண்டு இயந்திரங்களையும் நேருக்கு நேர் பேசவிடும். டி.38 இல்லாத இணையத் தொலைபேசியில் ஃபேக்ஸ் பாதியில் அறுந்தால் இயந்திரத்தைத் திட்டாதீர்கள். பேச்சுக்காக ஒலியைச் சுருக்கும் முறை ஃபேக்ஸின் கீச்சுச் சத்தத்தைச் சிதைத்துவிடும்.

முக்கியமான தாள் என்றால் நான் இன்றைக்கும் அனுப்பிய கையோடு போன் போட்டு, "எத்தனை பக்கம் வந்தது?" என்று கேட்டுவிடுவேன்.